அம்மாவுக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர்: வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே வண்டி போதுமா? (பெங்களூரு)

ஏரிக்கரை மகள் (அல்சூர்)

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டதால் அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார், அடுப்படியில் நின்று தாளிக்கிறார். வாசலைத் தாண்டினால்தான் சிரமம். தெருமுனைக்குப் போவதற்குள் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும்.

தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களுக்கும் நூலகத்துக்கும் தவறாமல் போய்க்கொண்டிருந்தவர். பிரதோஷம் என்றால் சோமேஸ்வரர் கோவில். இப்போது எல்லாவற்றுக்கும் என் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. நான் அலுவலகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் கூட்டமும் முடிந்துவிடுகிறது, தீபாராதனையும் முடிந்துவிடுகிறது. "கூட்டிக்கொண்டு போ என்று உன்னிடம் கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது" என்று அம்மா சொன்னது மனதை விட்டு அகலவில்லை.

கடையில் ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டர் பார்த்தோம், நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி. சிறியது, மடக்கலாம், நான்கு சக்கரம். வீட்டுக்குள்ளும் ஓடும், வெளியிலும் ஓடும், லிஃப்டிலும் ஏறும் என்கிறார்கள். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. ஒன்றரை லட்சம் வரை செலவழிக்க முடியும். ஒரே வண்டி இரண்டுக்கும் ஆகுமா? மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா? ஓட்டிப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பையப்பனஹள்ளி அண்ணாச்சி

சாதாரண மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிப் பின்னால் இரண்டு பக்கச் சக்கரம் மாட்டிவிடுங்கள் அம்மா. செலவும் குறைவு, பழுது பார்க்கவும் தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். என் நண்பர் அப்படித்தான் பல வருடமாக ஓட்டுகிறார்.

---

காக்ஸ் டவுன் வாசகர்

அண்ணாச்சி சொல்வது வேறு வகை வண்டி. பக்கச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர் சாலையில் மற்ற வாகனங்களோடு ஓட வேண்டியது. அந்த மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும், ஓட்டுநர் உரிமம் வேண்டும். இத்தனை வருடம் வண்டியே ஓட்டாத 74 வயது அம்மாவைப் பழைய மெட்ராஸ் ரோட்டு நெரிசலில் இறக்கிவிட முடியாது. மொபிலிட்டி ஸ்கூட்டர் நடைவேகத்தை ஒட்டி, மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வரை போவது. நடப்பவருக்குப் பதிலாக நடப்பது அதன் வேலை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சான்று கொடுத்தால், பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பெரிய மொபிலிட்டி ஸ்கூட்டர்களில் 400 வாட்டுக்கு மேற்பட்ட மோட்டார்களும் உண்டு. எந்த மோட்டார், என்ன சான்று என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

---

சக்கரக்கால் (ஜெயநகர்)

மகளே, நான் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவள். மூன்று சக்கரம், நான்கு சக்கரம் இரண்டுமே ஓட்டியிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"வீட்டுக்குள்ளும் வெளியிலும்" என்ற விளம்பரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். நம் ஊர் ஃபிளாட்டுக்குள் ஸ்கூட்டர் ஓட்டுவது பெரும்பாடு. மிகச் சிறிய வண்டியே ஒரு மீட்டர் நீளம் வரும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி, கட்டிலோரமாக, குளியலறை வாசலில் அதைத் திருப்ப முடியாது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று நாலு தடவை நகர்த்தியாக வேண்டும். வீட்டுக்குள்ளேயே வண்டி தேவைப்படுகிறவர்களுக்கு ஜாய்ஸ்டிக் (கையால் அசைத்து ஓட்டும் சிறு குச்சி) வைத்த பேட்டரி சக்கர நாற்காலிதான் சரி. அது நின்ற இடத்திலேயே சுழலும், மேசைக்கு அடியில் நுழையும். உங்கள் அம்மா உள்ளே நடக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் உள்ளே வாக்கரே இருக்கட்டும். ஸ்கூட்டரை வெளிக்கென்றே தேர்ந்தெடுங்கள். "இரண்டுக்கும்" என்று தேடினால் வெளியில் திணறுகிற வண்டியைத்தான் வாங்குவீர்கள்.

வெளிக்கு என்றால் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. மடக்கும் வண்டிகளில் இது பெரும்பாலும் 4, 5 சென்டிமீட்டர்தான். பெங்களூரு வேகத்தடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்சக்கரம் ஏறி இறங்கிவிடும். நடுவயிறு மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றும். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். அந்த இடத்தில் அம்மாவால் இறங்கித் தள்ள முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சாய்தளம் முடிந்து சமதளம் தொடங்கும் விளிம்பிலும் இதேபோல் தட்டும். 8 முதல் 10 சென்டிமீட்டராவது இருக்கும் வண்டியைப் பாருங்கள்.

அடுத்தது சக்கரம். மூன்று சக்கர வண்டி சிறிய வட்டத்தில் திரும்பும், கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் ஒரு பக்கம் சரிந்த நடைபாதையிலும், வேகமாகத் திருப்பும்போதும் கவிழ வாய்ப்பு அதிகம். வடிகால் மேல் போட்ட கல் பலகைகளுக்கு நடுவில் இடுக்கு இருக்குமே, அதில் ஒற்றை முன்சக்கரம் போய்ச் சிக்கினால் கைப்பிடியே ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். புதிதாகப் பழகும் முதியவருக்கு நான்கு சக்கரம்தான் என் வாக்கு.

டயரையும் பாருங்கள். காற்றில்லாத கெட்டி டயர் பஞ்சர் ஆகாது. ஆனால் சர்ச் ஸ்ட்ரீட்டில் கருங்கல் பதித்திருக்கிறார்களே, அதன் மேல் சின்னக் கெட்டி டயரில் போனால் முதுகுத்தண்டு வரை அதிரும். சக்கரம் பெரிதாகவும் இருக்கைக்கு ஸ்பிரிங் உள்ளதாகவும் பார்த்தால் மூட்டுவலிக்காரருக்கு நல்லது.

பாதுகாப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் மிதிக்கும் பிரேக் கிடையாது. கட்டைவிரலால் அழுத்தும் விசையை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும். புதிதாக ஓட்டுகிறவர் பயந்தால் என்ன செய்வார்? கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். இறுக்கினால் விசையும் சேர்ந்து அழுந்தும், வண்டி முன்னால் பாயும். "பயமாக இருந்தால் கையை விடு" என்பது விரலுக்குப் பழகும்வரை வேகத்தை மிகக் குறைவில் வைத்து, காலி இடத்தில் பழக்குங்கள்.

பின்புறம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் மோட்டார் விடுபட்டு வண்டியைக் கையால் உருட்டலாம். அப்போது பிரேக்கும் வேலை செய்யாது. சரிவில் உட்கார்ந்தபடி யாரும் அதைத் தொடக்கூடாது. வாட்ச்மேனுக்கும், வீட்டுக்கு வருகிற குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சாவியை வண்டியிலேயே விட வேண்டாம்.

---

ஏரிக்கரை மகள்

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. வேகத்தடை விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லவே இல்லை. எங்கள் வாசலிலிருந்து கோவிலுக்குப் போகும் வழியிலேயே அப்படிப்பட்ட மேடு இருக்கிறது. லிஃப்டையும் வழியையும் அளந்துவிட்டு எழுதுகிறேன்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியர் (சிவாஜிநகர்)

மாறுபட்ட கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் மீதி இருக்கும் நடையும் போய்விடும். என் மனைவிக்கும் முழங்கால் வலிதான். வலியோடு தினமும் நடந்து நடந்துதான் சமாளிக்கிறாள். கால் இருக்கும்போதே சக்கரத்துக்குப் பழக்குவது சரியா?

---

இயன்முறை (இந்திராநகர்)

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்காத குடும்பம் இல்லை. முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி மருந்துபோல் அவசியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பும் இருக்கிறது. தெருமுனைக்குள் களைத்துவிடுகிறவர், ஸ்கூட்டர் இல்லாவிட்டால் கூடுதலாக நடக்கப் போவதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவருக்குத் தசை இன்னும் தளரும், மனமும் தளரும். தூரத்துக்கு வண்டி, வீட்டுக்குள் நடை, தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி என்று மூன்றையும் சேர்த்தே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கோவில் வாசலில் வண்டியை விட்டு இறங்கி, மிச்சம் வைத்த தெம்பில் பிரகாரத்துக்குள் நடக்கட்டுமே.

சகோதரிக்கு: வண்டியைப் பார்ப்பதற்கு முன் அம்மாவைப் பாருங்கள். ஸ்கூட்டர் எல்லோருக்கும் பொருந்தாது. சாய்மானம் இல்லாத முக்காலியில், இரண்டு கைகளையும் முன்னால் ஒரு மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் சரியாமல் உட்கார முடிகிறதா? தோள் வலிக்கிறதா? கட்டைவிரல் மூட்டிலும் வலி உண்டா? உண்டு என்றால் எல்லா விரல்களாலும் இழுக்கும் வகை விசை உள்ள வண்டியைத் தேடுங்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா? கண்புரை இருக்கிறதா? மயக்கம் தரும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? பக்கவாதத்தால் ஒரு கை பலவீனமானவர்களுக்கும், நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் நான் ஸ்கூட்டரைப் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு ஜாய்ஸ்டிக் நாற்காலிதான்.

இருக்கை பக்கவாட்டில் சுழன்று பூட்டிக்கொள்வதாக இருக்க வேண்டும். முழங்கால் மடங்காதவர் ஏறி இறங்குவதற்கு அது பெரிய உதவி. கைதாங்கி உறுதியாக இருக்கிறதா என்று அதில் ஊன்றி எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். இருக்கையின் உயரம் அம்மா தானாக எழக்கூடிய அளவில் இருக்கட்டும்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியர்

விளக்கத்துக்கு நன்றி அம்மா. பிரகாரத்துக்கு மிச்சம் வைப்பது என்ற கோணத்தில் நான் பார்த்ததில்லை. என் மனைவியிடமும் காட்டினேன். அவளும் உங்கள் கட்சிதான்.

---

ஒயிட்ஃபீல்ட் வாசி

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே? சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டு மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம். நம் நாட்டுத் தயாரிப்பு.

---

சக்கரக்கால்

அருமையான கண்டுபிடிப்பு. என் தோழி ஒருத்தி அதில்தான் வேலைக்குப் போகிறாள். ஆனால் அது முழுநேரமும் சக்கர நாற்காலியில் இருக்கிற, கைவலு உள்ள இளையவர்களுக்கு ஏற்றது. நடந்து வந்து ஏறி, நடந்து இறங்கப் போகும் இந்த அம்மாவுக்கு அந்த வேகமும் தேவையில்லை, அந்த அமைப்பும் தேவையில்லை.

---

ஏரிக்கரை மகள்

அளந்துவிட்டேன். லிஃப்ட் கதவு 75 சென்டிமீட்டர் அகலம். உள்ளே அகலம் 100, ஆழம் 115. கடையில் பார்த்த சிறிய வண்டி 102 நீளம், 50 அகலம். தரையில் சாக்கட்டியால் அதன் அளவுக்குக் கட்டம் போட்டுப் பார்த்தேன். நேராக நுழையும், உள்ளே திரும்ப முடியாது, பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். பார்த்த இன்னொன்று 122 நீளம், 60 அகலம், தரை இடைவெளி 10. அது லிஃப்டில் ஏறவே ஏறாது.

வழி: எங்கள் கட்டடத்து வாசலில் இரண்டு படி, ஓரமாக ஒரு சாய்தளம். பிறகு வேகத்தடை. ஏரிப் பக்கம் நடைபாதையில் பைக் ஏறாமல் இருக்க நட்ட தூண்கள். ஓர் இடத்தில் இடைவெளி 70, இன்னோர் இடத்தில் 55தான். தமிழ்ச் சங்கம் வரை ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. அம்மா முக்காலிப் பரிசோதனையில் தேறிவிட்டார். வலது தோள் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது என்றார்.

இப்போது குழப்பம் கூடிவிட்டது. லிஃப்டில் ஏறும் வண்டி வேகத்தடையில் மாட்டும். வேகத்தடையைத் தாண்டும் வண்டி லிஃப்டில் ஏறாது.

---

காக்ஸ் டவுன் வாசகர்

வாசல் சாய்தளத்தின் சரிவையும் அளந்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் 1:12 இருக்க வேண்டும். அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், சுமார் 5 டிகிரி. கட்டடங்களில் ஓரமாக இருப்பது பெரும்பாலும் பைக் ஏற்றப் போட்ட செங்குத்துச் சரிவு. சிறிய வண்டிகள் 6 டிகிரி வரைதான் தாங்கும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

தூண் இடைவெளி 55 இருக்கும் இடத்தில் 60 அகல வண்டி நுழையாது. அந்த இடத்தில் எதிர்ப்பக்க நடைபாதை எப்படி என்று பாருங்கள். சாலைகளுக்கான நெறிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்வதன்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். 55 சென்டிமீட்டரில் தூண் நட்டிருப்பது சக்கர நாற்காலியையும் சேர்த்துத் தடுப்பதாகும். படம் எடுத்து மாநகராட்சிக்குப் புகார் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

---

சக்கரக்கால்

குழப்பமே வேண்டாம். பெரிய வண்டியை வாங்கிக் கீழ்த்தளத்தில் நிறுத்துங்கள். அம்மா வாக்கரோடு லிஃப்டில் இறங்கி வந்து ஏறிக்கொள்ளட்டும். வாக்கரை மடக்கி வண்டியின் பின்னால் மாட்ட ஒரு கொக்கி கிடைக்கும். லிஃப்டிலிருந்து பின்னோக்கி வருவது எனக்கே இன்னும் பிடிக்காத வேலை. யார் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதை 74 வயதில் தினமும் செய்யச் சொல்லாதீர்கள்.

---

ஏரிக்கரை மகள்

அதைத்தான் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டேன். வண்டி நிறுத்த இடமில்லை, கீழே சார்ஜ் போடவும் அனுமதி இல்லை, பேட்டரி தீப்பிடிக்கும் என்கிறார்கள். ஒருவர், "இந்த வயதில் வெளியே போய்த்தான் ஆக வேண்டுமா" என்று அம்மா காதுபடக் கேட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

---

சக்கரக்கால்

அப்படிக் கேட்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. படிக்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நியாயமான வசதி செய்து தருவதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. அம்மாவுக்கு நடமாட்டக் குறைபாட்டுச் சான்றும் யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டையும் கிடைக்குமா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கிடைத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடும் வழியும் திறக்கும். அதற்கு முன் சங்கத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாய்ப்பேச்சில் "முடியாது" என்பவர்கள், எழுத்தில் பதில் கொடுக்கும்போது நிதானிப்பார்கள்.

---

மின்பொறி (பீன்யா)

தீப்பிடிக்கும் என்ற பயத்துக்கு எளிய வழி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி எடுக்கும் வண்டியை வாங்குங்கள். பேட்டரி மாடிக்கு வரட்டும், வண்டி கீழே நிற்கட்டும். வரவேற்பறையில் சாதாரண 5 ஆம்ப் சாக்கெட் போதும். படிக்கட்டிலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் போடக்கூடாது.

ஈய-அமில பேட்டரி விலை குறைவு, எடை அதிகம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். நடுத்தர வண்டிகளில் இரண்டையும் சேர்த்துத் தூக்குவது உங்களுக்கே கஷ்டம். அதைக் காலியாக விட்டுவைத்தால் சீக்கிரம் செத்துவிடும், ஓட்டிய ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட வேண்டும். லித்தியம் விலை கூடுதல், ஒரு கையால் தூக்கலாம், ஆயுளும் அதிகம். உங்கள் நிலைமைக்கு லித்தியம்தான். ஒன்றின் சார்ஜரை மற்றதற்குப் போடவே கூடாது.

கையேட்டில் 20 கிலோமீட்டர் ஓடும் என்று இருந்தால் பாதியை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள். அது சமதளத்தில், எடை குறைவான ஆளை வைத்து, நிற்காமல் ஓட்டிய கணக்கு. மழைக்காலத்தில் கைப்பிடிப் பெட்டிக்கு உறை போடுங்கள், குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள்.

---

மதுரைக்காரி (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

விமானத்தில் கொண்டுபோக முடியுமா? நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போவோம்.

---

மின்பொறி

கழற்றும் லித்தியம் பேட்டரி என்றால் சர்வதேச விதிப்படி ஒன்று 300 வாட்-மணிக்குள், அல்லது இரண்டு, ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்குள் இருக்கலாம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, தேறும். 20 ஆம்பியர்-மணி என்றால் 480, தேறாது. பேட்டரி உங்களோடு கேபினில் வர வேண்டும். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

---

ஏரிக்கரை மகள்

முடிவுக்கு வந்துவிட்டோம். 122 நீளமுள்ள நான்கு சக்கர வண்டி, கழற்றும் லித்தியம் பேட்டரி. வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி, அம்மாவையே ஏற்றிக் கோவில் வழி வரை ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடையைத் தட்டாமல் தாண்டியது. தூண் குறுகிய இடத்தில் எதிர்ப்பக்கம் வழி இருக்கிறது. கைப்பிடியைத் தன் பக்கம் சாய்த்து வைத்ததும் தோள் வலிக்கவில்லை என்றார் அம்மா. வாசல் சாய்தளம்தான் செங்குத்து. அதை நீட்டிக் கட்டும் செலவை நாங்களே ஏற்பதாக எழுதிக் கொடுத்தோம். சங்கம் ஜெனரேட்டர் அறையின் ஓரத்தில் நிறுத்த ஒப்புக்கொண்டுவிட்டது. சங்கத்துச் செயலாளரின் அப்பாவும் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

வாங்கும்போது வேறு எதைக் கேட்க வேண்டும்?

---

சக்கரக்கால்

நல்ல செய்தி. பில்லில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக உத்தரவாதக் காலம் எழுதி வாங்குங்கள். சார்ஜர், டயர், கைப்பிடி விசை மூன்றும் பெங்களூரிலேயே இருப்பில் உள்ளதா, பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா என்று கேளுங்கள். வண்டியின் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், ஒரு கொடிக்கம்பும் கட்டுங்கள். உட்கார்ந்து போகிறவர் கார்க்காரர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் வாரங்களில் நீங்கள் பக்கத்தில் நடந்து போங்கள், கைப்பிடியைத் தொடாமல். சாய்தள வேலை முடிவதற்குள் அம்மாவைத் தனியாக இறக்க வேண்டாம்.

தமிழ்ச் சங்கத்தில் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று சொன்னால் நானும் ஜெயநகரிலிருந்து வருகிறேன்.